ரப்பர் கடைச் சிட்டையும் நாற்பது வரி பைத்தானும்

புரோகிராமிங் படிக்க உட்காருகிறவர்கள் முதலில் செய்வது பெரும்பாலும் ஒரு டு-டூ லிஸ்ட். அடுத்தது கால்குலேட்டர். அதற்கடுத்தது, வீடியோவில் ஒருவர் தட்டத் தட்ட நாமும் தட்டுகிற ஏதோ ஒரு வெப்சைட். இதிலெல்லாம் ஒரு குறை உண்டு. தப்பாக எழுதினாலும் ஒருவரும் வந்து கேட்கமாட்டார்கள். டு-டூ லிஸ்ட்டில் ஒரு வேலை காணாமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

சிறு புராஜெக்ட் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒன்றுதான். அதற்கான விடை ஏற்கெனவே எங்கேயாவது காகிதத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும். நம் புரோகிராம் தருவது அந்த விடைதானா என்று சொல்ல ஓர் ஆளும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கவேண்டும். குமரி மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. தோவாளைப் பூச்சந்தை, குளச்சல் மீன் ஏலம், மார்த்தாண்டத்துத் தேன் கொள்முதல், ஏத்தன் வாழைக்குலை எடுக்கும் கடை என்று எல்லா இடத்திலும் ஒரு நோட்டு, ஒரு பேனா, மனசிலேயே கூட்டிப்போடும் ஒரு மனிதர் இருப்பார். இந்தப் பதிவுக்கு நான் எடுத்துக்கொள்வது மேற்கே குலசேகரம், அருமனை, வேர்க்கிளம்பிப் பக்கம் தெருவுக்கு ஒன்றாக இருக்கும் ரப்பர் கடையை.

கடையில் நடப்பது பார்க்க எளிது. பால்வெட்டி, உறையவைத்து, உருளையில் அடித்து, காயவைத்த ஷீட்டைக் கொண்டுவருவார்கள். மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த ஒட்டுப்பால் தனியாக வரும், அதற்கு விலையும் தனி. கடைக்காரர் ஷீட்டைப் பிரித்துப் பார்த்துத் தரம் சொல்லுவார், எடை போடுவார், ஈரம் இருந்தால் கொஞ்சம் கழிப்பார். அன்றைய ரேட்டைப் பெருக்கி, முன்னால் வாங்கிய அட்வான்ஸ் இருந்தால் பிடித்துக்கொண்டு, மீதியைக் கையில் கொடுப்பார். இதையெல்லாம் சிட்டையில், அதாவது அன்றாடக் கணக்கு நோட்டில், எழுதிவைப்பார். ஒரு வரிக்கு ஆறேழு எண்கள்தான். ஒரு நாளுக்கு இருபது, முப்பது வரி.

கோடு, அதாவது புரோகிராம் வரிகள், எழுதுவதற்கு முன் அந்தச் சிட்டையில் ஒரே ஒரு நாளின் பக்கத்தைக் கேட்டு வாங்கி, பெயர்களை மாற்றி நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே கடைக்காரரிடம் சில கேள்விகள்: 'அண்ணே, சில்லறையை எந்த இடத்தில ரவுண்டு பண்ணுவீங்க? ஈரத்துக்கு எடையில கழிப்பீங்களா, காசுல கழிப்பீங்களா? ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தா எப்படி எழுதுவீங்க? தப்பா எழுதிட்டா அடிச்சிட்டு எழுதுவீங்களா, அடுத்த நாள் சரிக்கட்டுவீங்களா?' இந்த நாலுக்கும் பதில் இல்லாமல் எழுதிய புரோகிராமை நாலு தடவை கலைத்துக் கட்டவேண்டிவரும். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். செய்வது என்னவோ இதே கேள்விகளைக் கேட்பதுதான்.

நாலு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் இதற்குத் தாராளம். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியை நிறுவும்போது முதல் திரையிலேயே பாத் சேர்க்கும் கட்டம் இருக்கும், அதில் டிக் போட மறந்துவிடாதீர்கள். எழுதுவதற்குத் தான்னி (Thonny) என்ற எளிய எடிட்டர் போதும். முதல் நாளே பெரிய எடிட்டரை இறக்கி, இருபது எக்ஸ்டென்ஷன் போட்டு அலங்கரிப்பதில் ஒரு வாரம் போய்விடும்.

முதல் வேலை, சிட்டையின் இருபது வரியை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் தட்டி, அதைப் படித்து மொத்தத் தொகை சொல்லும் நாற்பது வரிப் புரோகிராம். அவ்வளவுதான். திரை இல்லை, பட்டன் இல்லை. விண்டோஸில் முதல் அடி இங்கேயே விழும். ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறை, யூடிஎஃப்-8 என்று நாம் சொல்லாவிட்டால், பைத்தான் பல விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் பழைய மேற்கத்திய எழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்யப் பார்க்கும். அதில் தமிழ் கிடையாது. 'சார்மேப்' என்று தொடங்கும் ஒரு பிழை வந்து நிற்கும். படிக்கும்போதும் எழுதும்போதும், இரண்டு இடத்திலும் என்கோடிங்கைக் குறிப்பிட்டுவிட்டால் தீர்ந்தது. அதே ஃபைலை எக்செலில் திறக்கப்போகிறீர்கள் என்றால் வெறும் யூடிஎஃப்-8 போதாது, 'சிக்' என்ற ஒட்டுள்ள வகையில் (utf-8-sig) எழுதவேண்டும். அது ஃபைலின் தலையில் மூன்று பைட் அடையாளம் வைக்கும். அந்த அடையாளம் இல்லாவிட்டால் எக்செல் தமிழைக் கிறுக்கலாகக் காட்டக்கூடும்.

இனி காசு. இங்கேதான் சற்று நிற்கவேண்டும்.

எடை 23.350 கிலோ, ரேட் கிலோவுக்கு 187 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 4378.125. கடைக்காரர் காசு வரை எழுதுகிறவர் என்றால் 4378.13 என்று எழுதுவார், பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்ததும் அதுதான். பைத்தானின் ரவுண்ட் ஃபங்ஷனிடம் இரண்டு தசம இடம் கேட்டுப் பாருங்கள், 4378.12 என்று சொல்லும். பழுது ஒன்றும் இல்லை. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டை எண் பக்கம் தள்ளுவது அதன் விதி. 2.5-ஐ ரவுண்ட் செய்தால் 2 வருவதும் அதனால்தான். புள்ளியியல்காரர்களுக்கு அது நியாயம். ரப்பர் கொண்டுவந்தவருக்கு ஒரு காசு குறைவு. ஒரு காசில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் சிட்டையின் கூட்டலும் திரையின் கூட்டலும் ஒட்டாமல் போனதும் கடைக்காரர் புரோகிராமை நம்புவதை விட்டுவிடுவார்.

இன்னொரு தொல்லை, தசமப் புள்ளி எண்களையே கம்ப்யூட்டர் முழுசாகப் பிடித்துவைப்பதில்லை. 4.35-ஐ 100-ஆல் பெருக்கச் சொன்னால் 434.99999999999994 என்று வரும். அதை முழு எண்ணாக வெட்டினால் 434. ஒரு காசு ஆவியாகிவிட்டது. எடையைக் கிராமிலும் விலையைக் காசிலும் முழு எண்ணாகவே வைத்துக்கொண்டால் இந்த இரண்டு தொல்லையும் ஒரே அடியில் போகும். பைத்தானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், மூன்றாம் பதிப்பிலிருந்து அதற்கு வழி உண்டு. அதனால் இது அப்படியே ஓடும்:

எடை = 23350
விலை = 18750
தொகை = (எடை * விலை + 500) // 1000

பெருக்கினால் 43,78,12,500. அது கிராம் கணக்கில் இருப்பதால் ஆயிரத்தால் வகுக்கவேண்டும். வகுப்பதற்கு முன் 500-ஐக் கூட்டுவது, பாதிக்கு மேலுள்ளதையும் சரிபாதியையும் மேலே தள்ளுவதற்கு. இரட்டைச் சாய்கோடு மீதியை உதறிவிட்டு முழு எண்ணை மட்டும் தரும். விடை 437813 காசு, அதாவது 4378 ரூபாய் 13 காசு. சிட்டையோடு ஒட்டுகிறது.

பல கடைகளில் ரூபாய்க்கே ரவுண்டு செய்துவிடுவார்கள். அப்போது ஒரு பொறி உண்டு. காசுக்கு ஒரு தடவை, பிறகு ரூபாய்க்கு ஒரு தடவை என்று இரண்டு முறை ரவுண்டு செய்யக்கூடாது. 4378.495 முதலில் 4378.50 ஆகி, அடுத்து 4379 ஆகிவிடும். நேராக ரூபாய்க்குப் போயிருந்தால் 4378. எங்கே ரவுண்டு செய்வீர்கள் என்று முதலில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

உள்ளே வரும் எழுத்தை எண்ணாக்குவதும் ஒரு தனி வேலை. '23.35', '23,350', '23.35 கிலோ', முன்னால் ஒரு ஸ்பேஸ் என்று எப்படி வேண்டுமானாலும் தட்டுவார்கள். தசம எண்ணைப் பிழையில்லாமல் பிடித்துவைக்கும் டெசிமல் வகையைப் பயன்படுத்தினால் அதற்கு மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவே கொடுங்கள். எண்ணாகக் கொடுத்தால் பிழையோடு பிறந்த அந்த நீண்ட வாலும் கூடவே வந்துவிடும். ஒரு வேடிக்கை: பைத்தானுக்குத் தமிழ் இலக்கமும் தெரியும். '௨௩' என்று கொடுத்தால் 23 என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் பத்தைக் குறிக்கும் '௰' கொடுத்தால் பிழை சொல்லும். அது இலக்க வரிசையில் சேராத குறி.

இந்த அளவுக்கு வந்ததும், 'விடை இதுதான், இல்லாவிட்டால் நில்' என்று சொல்லும் அசர்ட் வரிகள் எழுதத் தொடங்கலாம். டெஸ்டிங் என்றதும் தனிப் பாடம் என்று நினைத்துத் தள்ளிவைப்பார்கள். கையிலிருக்கும் சிட்டைப் பக்கமே டெஸ்ட்தான். இருபது வரி, ஒவ்வொன்றுக்கும் கடைக்காரர் போட்ட தொகை. நம் ஃபங்ஷன் அதே தொகையைத் தரவேண்டும், தராவிட்டால் நிற்கவேண்டும். இருபதில் பத்தொன்பது ஒட்டி ஒன்று ஒட்டாமல் போகும்போதுதான் சுவாரசியம். பாதி நேரம் தப்பு நம் பக்கம். மீதி நேரம் கடைக்காரர் பெருக்கலில் சறுக்கியிருப்பார். அதைப் பக்குவமாகச் சொல்லவேண்டும்.

அடுத்தது பெயர்கள். ஒரே பெயரில் ஊருக்கு நாலு பேர் உண்டு. சிட்டையில் ஊரையோ வீட்டுப் பெயரையோ சேர்த்து எழுதிப் பிரித்திருப்பார்கள். புரோகிராமில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள், பெயரை வைத்து ஆளைத் தேடாதீர்கள். ஏனென்றால் ஒரே ஆளின் பெயரே கம்ப்யூட்டருக்கு இரண்டு பெயராகத் தெரியலாம்.

நாகர்கோவில் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு நா, க, ர், கோ, வி, ல் என்று ஆறு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 11 என்று சொல்லும். கால், புள்ளி, கொம்பு எல்லாவற்றையும் தனித்தனிக் குறியாக எண்ணுகிறது. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆகவே ஃபைலில் 33 பைட். இத்தோடு போகவில்லை. 'கோ'வில் இருக்கும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. நீளம் கேட்டால் ஒன்றுக்கு 11, மற்றதற்கு 12. இரண்டும் சமமா என்றால் இல்லை என்று சொல்லும். ஒருவர் கணக்கு இரண்டாக உடைந்து, அட்வான்ஸ் ஒரு பக்கமும் ஷீட் இன்னொரு பக்கமும் நிற்கும். யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. உள்ளே வரும் எழுத்து எல்லாவற்றையும், இரண்டாகப் பிரிந்ததை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவில் அதன் வழியாக ஒரு தடவை விட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். 'கௌ' என்பதற்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு 'கெள' என்று தட்டியிருந்தால் மட்டும் அதுவும் கைவிடும். அது வேறு எழுத்தேதான், கண்தான் ஏமாறுகிறது.

பெயரில் எழுத்து மட்டும் இருக்கிறதா என்று சோதிக்க ஈஸ்-ஆல்ஃபா என்று ஒன்று சொல்லித்தருவார்கள். 'மணி' என்று கொடுத்தால் இல்லை என்று சொல்லும், இகரக் குறியை அது எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலானதை அது தள்ளிவிடும். அந்தச் சோதனையே வேண்டாம்.

அகரவரிசையும் நம் வரிசை இல்லை. யூனிகோடில் றகரம் ளகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது, னகரம் பகரத்துக்கு முன்னால். ஊர்ப் பட்டியலை அப்படியே சார்ட் செய்தால் பறக்கை முதலில், பள்ளியாடி பிறகு. அகராதி பார்த்துப் பழகியவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மெய்யெழுத்துகளை நம் வரிசையில் ஒரு சரமாக எழுதிவைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் எத்தனையாவது இடம் என்று பார்த்து அந்த எண்களை வைத்து வரிசைப்படுத்தினால் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். புள்ளி வைத்த எழுத்து அகரத்துக்கு முன்னால் வரவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யூனிகோடில் புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால் நிற்கிறது. இந்த ஒரு ஃபங்ஷனை எழுதி முடிப்பவருக்கு லிஸ்ட், டிக்ஷனரி, கீ ஃபங்ஷன் மூன்றும் கைக்கு வந்திருக்கும். ஒரு மாதப் பாடத்தைவிட இது மேல் என்பேன்.

தேதியைப் பற்றி இரண்டே வரி. 05/01/2024 என்று வைத்தால் அது வரிசைக்கு வராது, 2024-01-05 என்று ஆண்டை முன்னால் வைத்தால் எழுத்தாகவே சரியாக வரிசையில் நிற்கும். காட்டும்போது மட்டும் நம் முறைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

ஃபைலில் நூறு வரி தாண்டியதும் எஸ்க்யூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸுக்குப் போகலாம். பைத்தானோடு கூடவே வருகிறது, தனியாக எதையும் நிறுவவேண்டாம், ஒரே ஃபைல். இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை. எழுதியதை உறுதிசெய்யும் கமிட்டைச் சொல்ல மறந்தால் எழுதியது எதுவும் நிலைக்காது, மறுநாள் திறந்தால் பட்டியல் காலி. ஒரு டேபிளில் வரும் ஆள் எண் ஆட்களின் டேபிளிலும் இருக்கவேண்டும் என்ற ஃபாரின் கீ விதியை ஒவ்வொரு தடவை இணைக்கும்போதும் நாம்தான் இயக்கவேண்டும், இல்லாவிட்டால் இல்லாத ஆளின் பெயரில் ஷீட் எழுதினாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். எண் போடவேண்டிய கட்டத்தில் எழுத்தைப் போட்டாலும் சாதாரணமாக அது தடுக்காது.

இன்னொன்று புதியவர்களை அரை நாள் உட்காரவைக்கும். தேடும் சொல்லை வினவலுக்குள், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் வரிக்குள், நேராக ஒட்டக்கூடாது, கேள்விக்குறி போட்டு மதிப்பைத் தனியாகக் கொடுக்கவேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. ஒட்டினால் பெயரில் ஒரு மேற்கோள் குறி வந்தாலே வினவல் உடையும், விஷமக்காரர் கையில் டேபிளே போய்விடும். சரி என்று (ஊர்) என்று கொடுப்பார்கள். ஊர் நாகர்கோவில் என்றால், கேட்டது 1, கிடைத்தது 11 என்று ஒரு பிழை வரும். பதினொன்று எங்கிருந்து வந்தது? மேலே எண்ணினோமே, அதே பதினொன்றுதான். அடைப்புக்குறி போட்டதால் மட்டும் அது டியூப்பிள், அதாவது மதிப்புகளின் தொகுப்பு, ஆகிவிடாது, (ஊர்,) என்று காற்புள்ளி வைத்தால்தான் ஆகும். காற்புள்ளி இல்லாததால் ஊர்ப் பெயரின் ஒவ்வொரு குறியையும் ஒரு மதிப்பாக எண்ணிவிட்டது. தக்கலை என்று கொடுத்தால் 6 என்று சொல்லும். சோதனைக்கு 'அ' என்று ஒற்றை எழுத்தைக் கொடுத்துப் பார்த்தவருக்குப் பிழையே வராது. ஒன்று கேட்டது, ஒன்று கிடைத்தது. சோதனைக்கு உண்மையான பெயர்களையே கொடுங்கள் என்பது இதனால்தான்.

டேபிள் அமைப்பில் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ரேட்டை ஒவ்வொரு வரியிலும் சேமித்துவைக்கவேண்டும். ரேட் நாளுக்கு நாள் மாறுவது. 'இன்றைய ரேட்' என்று ஓரிடத்தில் மட்டும் வைத்து அதிலிருந்து தொகையைக் கணக்கிட்டால், நாளை ரேட்டை மாற்றியதும் போன மாதச் சிட்டையெல்லாம் மாறிப்போகும். இரண்டாவது, அட்வான்ஸ் பாக்கி என்று ஓர் எண்ணை வைத்து அதைக் கூட்டிக் குறைக்காதீர்கள். கொடுத்தது ஒரு வரி, பிடித்தது ஒரு வரி என்று எழுதிக்கொண்டே போய், பாக்கி கேட்கும்போது கூட்டிச் சொல்லவேண்டும். தப்பாக எழுதிய வரியையும் அழிக்காமல், அதை ரத்து செய்யும் எதிர்வரி ஒன்று எழுதுங்கள். நல்ல கடைக்காரர் சிட்டையில் செய்வதும் இதுதான், எழுதினதைச் சுரண்டமாட்டார்.

சராசரி கேட்பார்கள்: இன்னார் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொண்டுவருகிறார்? மாதத்தின் முப்பது நாளால் வகுத்தால் அபத்தம். மழை நாளில் வெட்டு கிடையாது, நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வேறு உண்டு. இலையுதிர் காலத்தில் மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். வரி இல்லாத நாள் வேறு, பூஜ்யம் எழுதிய நாள் வேறு. டேபிளில் இந்த இரண்டையும் குழப்பினால் பிறகு பிரிக்க வழியில்லை.

கடைக்காரர் செல்போனிலேயே பார்க்கவேண்டும் என்று கேட்டதும், பைத்தானில் வெப்சைட் செய்ய உதவும் ஃபிளாஸ்க் பக்கம் போகலாம். லேப்டாப்பில் ஓடவிட்டு, அதே வைஃபையில் இருக்கும் போனில் திறப்பது. 127.0.0.1 என்ற முகவரியைப் போனில் தட்டினால் திறக்காது, அது போன் தன்னையே கூப்பிடுவது. ஃபிளாஸ்க்கை 0.0.0.0 என்று சொல்லி எல்லா வழியிலும் கேட்கவைத்து, லேப்டாப்பின் வைஃபை முகவரியையும் 5000 என்ற போர்ட்டையும் போனில் தட்டவேண்டும். முதல் தடவை விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கும், அதை மூடிவிட்டு 'வரவில்லையே' என்று தேடுவோர் நிறைய. இப்படித் திறந்துவைக்கும்போது பிழை தேட உதவும் டீபக் முறையை அணைத்துவிடுங்கள். பிழைத் திரையிலிருந்தே கோடு ஓட்டும் வசதி அதில் உண்டு, அது ஒருவர் கைக்கும் போகக்கூடாது. எஸ்க்யூலைட் இணைப்பைப் புரோகிராமின் தலையில் ஒரு தடவை திறந்துவைத்தால், வேறு திரெட்டில் (கூடவே ஓடும் இன்னொரு வேலையோட்டத்தில்) பயன்படுத்தக்கூடாது என்று ஒரு பிழை வரும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகத் திறந்து மூடுவதுதான் வழி.

பட்டனை இரண்டு தடவை தட்டுவது தனிக் கதை. வைஃபை மெதுவாக இருக்கும், 'போகலையோ' என்று மறுபடி தட்டுவார், ஒரே ஷீட் இரண்டு வரியாக ஏறிவிடும். படிவத்தோடு ஒரு மறைவு எண்ணை அனுப்பி, டேபிளில் அதற்கு, ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது என்ற யூனிக் விதி வைத்துவிட்டால் இரண்டாவது வரி ஏறாது. சேமித்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ரீஃப்ரெஷ் செய்யும்போதும் இதே கூத்து.

ரசீது அச்சடிக்கச் சின்ன தெர்மல் பிரிண்டர் வாங்கினால், 58 மில்லிமீட்டர் தாளில் வரிக்கு 384 புள்ளி கிடைக்கும். இந்த வகைப் பிரிண்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்து இருக்காது. ரசீதைப் படமாக வரைந்து அனுப்பவேண்டும். படம் வரைய உதவும் பில்லோ லைப்ரரியில் வரையும்போது, எழுத்துக் குறிகளை ஒழுங்காக அடுக்கும் ராக்ம் வசதி இயங்குகிறதா பாருங்கள், அது இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். ஆரம்பத்தில் இதெல்லாம் வேண்டாம், வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பினால் போதும்.

புரோகிராமை, அதன் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட் (git) கருவியில் வைத்து, ஒவ்வொரு அசர்ட்டும் தேறியதும் ஒரு கமிட் செய்யுங்கள். டேட்டாபேஸ் ஃபைலை மட்டும் முதல் நாளே இக்னோர் பட்டியலில் போடுங்கள். யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார் என்பது ஊருக்குச் சொல்லும் விஷயம் இல்லை. ஒரு தடவை கமிட் செய்துவிட்டுப் பிறகு அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். பேக்கப் எடுக்க, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை அப்படியே காப்பி செய்யாதீர்கள், எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுத்த நகல் கெட்டுப்போகலாம். எஸ்க்யூலைட் மாட்யூலிலேயே அதற்குத் தனி ஃபங்ஷன் இருக்கிறது.

ஏஐயிடம் கேட்டால் இந்தக் கோடு முழுவதையும் ஒரு நிமிடத்தில் தந்துவிடும் என்பார்கள். தரும். சொல்லாமல் விட்டால் ரவுண்ட் ஃபங்ஷனைப் போட்டுத் தரவும் வாய்ப்பு அதிகம். கடைக்காரர் ரூபாய்க்கு ரவுண்டு செய்கிறார் என்பது அதற்குத் தெரியாதே. சிட்டைப் பக்கமும் இருபது அசர்ட்டும் கையில் இருந்தால் தாராளமாகக் கேட்டு வாங்குங்கள், தப்பு இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ரப்பர் கடை முடிந்த பிறகு, இதே அளவுகோலில் இன்னும் இரண்டு.

அணை நீர்மட்டம் நாள்தோறும் பத்திரிகையில் வருகிறது, வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. 'பேச்சிப்பாறை 42.35 அடி, பெருஞ்சாணி 65.10 அடி' என்ற மாதிரி ஒரு செய்தியை ஒட்டினால், எண்களைப் பிரித்து டேபிளில் போட்டு வரைபடம் காட்டவேண்டும். எழுத்துக்குள் வடிவம் பார்த்துத் தேடும் ரெஜெக்ஸ் படிக்க இதைவிட நல்ல வேலை கிடைக்காது. சொல்லைப் பிடிக்கப் பின்சாய்கோடும் டபிள்யூவும் போதும் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கும். பைத்தானில் அதைப் பேச்சிப்பாறை மேல் ஓட்டினால் ப, ச, ச, ப, ப, ற என்று ஆறு துண்டு கிடைக்கும். உயிர்க்குறியும் புள்ளியும் அதற்குச் சொல்லின் பகுதி இல்லை. தமிழ் யூனிகோட் வரம்பை முழுசாகச் சதுர அடைப்புக்குள் கொடுக்கவேண்டும், அல்லது ஸ்பேஸ் கண்ட இடத்தில் வெட்டிக்கொள்ளவேண்டும். எண் உள்ளே வந்ததும் எல்லை பாருங்கள்: பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77, சிற்றாறு ஒன்றும் இரண்டும் 18. புள்ளி விட்டுப்போய் 4235 என்று வந்தால் அங்கேயே நிறுத்தலாம். நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணைக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. அதன் மட்டம் கோடையில் மைனஸில் போகும், செய்தியிலும் 'மைனஸ்' என்று எழுத்தால்தான் எழுதுவார்கள். அந்தச் சொல்லைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பொறுக்கினால், குடிநீருக்குத் தட்டுப்பாடு வரும் வாரத்தில் வரைபடம் தண்ணீர் ஏறுவதாகக் காட்டும்.

இன்னொன்று, ஆங்கிலத் தேதிக்குரிய கொல்லம் ஆண்டைச் சொல்வது. மலையாள ஆண்டு என்பதும் அதுதான். திருவிதாங்கூர்க் காலத்துப் பத்திரங்களில் தேதி அந்தக் கணக்கில்தான் இருக்கும், பழைய பத்திரத்தைப் புரட்டுகிற எந்த வீட்டிலும் இது தேவைப்படும். கணக்கு எளிது: ஆவணிப் பிறப்புக்குப் பிறகு என்றால் ஆங்கில ஆண்டிலிருந்து 824-ஐக் கழிக்கவேண்டும், முன்பு என்றால் 825-ஐ. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-ஐக் கொடுத்தால் 1132 வரவேண்டும். கன்னியாகுமரியில் கடல் நடுவே வள்ளுவர் சிலை திறந்த 2000 ஜனவரி 1-ஐக் கொடுத்தால் 1175. இரண்டு அசர்ட் தயார். தகராறு ஆகஸ்ட் நடுவில்தான். ஆவணி பிறக்கும் நாள் சூரியன் ராசி மாறுவதைப் பொறுத்தது, ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின் ஆகும். அதைச் சரியாகக் கணிப்பது வேறு பெரிய வேலை, அதில் இறங்கினால் இந்தப் புராஜெக்ட் முடியாது. ஆகஸ்ட் 10 முதல் 20 வரை வரும் தேதிகளுக்கு மட்டும் இரண்டு ஆண்டையும் காட்டி, 'பஞ்சாங்கம் பார்க்கவும்' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.